சுவீடன் மாமாவின் உயரமான கட்டடங்கள்

கைப்பைக்குள் கையை விட்டால் முதலில் என் விரலில் குத்துவது மாமாவின் கட்டடம்தான். சாவிகளை மாட்டி வைக்க, பித்தளையில் செய்த திறப்புக்கோர்வை அது. என் நடுவிரல் அளவுதான் இருக்கும். ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் முறுக்கி விட்டதுபோல, அடியிலிருந்து நுனிவரை திரும்பிக்கொண்டே போகிற கட்டடம். சுவீடனின் தெற்குக் கரையில், மால்மோ என்ற ஊரில், அது நிஜமாகவே நிற்கிறது. மனிதர் குடியிருக்கும் கட்டடங்களில் அந்த நாட்டிலேயே உயரமானது என்ற பெயர் பல வருடங்கள் அதற்கு இருந்தது. இப்போது இந்தக் கோர்வையில், சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் திறப்பு தொங்குகிறது. கட்டட வரைபடம் வரைவது என் தொழில். காலையில் கதவைத் திறக்கும்போது அந்தக் கூர்நுனி உள்ளங்கையில் அழுந்தும். முன்பு அதில் மாமாவின் திறப்புகள் இருந்தன: வீட்டுத் திறப்பு, தபாற்பெட்டித் திறப்பு, நிலவறைத் திறப்பு, உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பு. இத்தனை கதவுகளைத் திறக்க முடிந்த மனிதருக்கு ஒரேயொரு கதவு மட்டும் திறபடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. பேர்ண் நகரின் மேற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மாடிக் கட்டடங்களில் ஒன்றில், அதுவும் கடைசி மாடியில், எங்களோடு இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. விடிய முன்னரே ட்ராமில் போய், மத்தியானம் கழிய, கையில் வெங்காய மணத்தோடு வந்து சேர்வார். வந்ததும் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். அங்கே கம்பியோடு ஒட்டிப் போட்ட அவருடைய கதிரை மழையிலும் வெயிலிலும் கிடந்தது. வானம் தெளிந்த நாட்களில் பனிமலைகள் முழுவதும் தெரியும். நாங்கள் யாரும் அந்தக் கதிரையில் இருப்பதில்லை. கீழே நிற்கும் கார்கள் தீப்பெட்டி அளவில் தெரியும். மாமாவோ கால்களைக் கம்பியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஏதோ பூங்காவில் இருக்கிறவர் மாதிரி இருப்பார்.

அவரை எல்லோரும் 'சுவீடன் மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். சுவீடனை அவர் கண்ணாலும் கண்டதில்லை என்பதுதான் அதிலுள்ள பகிடி. மாமாவுக்கும் அம்மாவுக்கும் மூத்தவரான என் பெரியம்மா மால்மோவில், பத்தாம் மாடியில், இருந்தார். முறுக்கிய கட்டடம் எழும்பத் தொடங்கியதிலிருந்து, அடுப்படியில் நின்றபடி தன் குசினி யன்னலால் தெரிகிறதை எல்லாம் தொலைபேசியில் தம்பிக்கு ஒப்பித்தார்: இன்றைக்கு இவ்வளவு உயர்ந்துவிட்டது, இன்றைக்குப் பாரந்தூக்கி காற்றில் ஆடியது என்று. கட்டி முடிந்ததும் இந்தத் திறப்புக்கோர்வையை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு மாமாவுக்குச் சுவீடனின் கட்டடங்கள் ஒரு பைத்தியமாகிவிட்டன. பிறந்தநாள் வீடோ கோயில் திருவிழாவோ, கட்டடக் கதை எடுக்காமல் அவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்ததில்லை. நூற்றுத் தொண்ணூறு மீற்றர் என்பார், தானே அளந்துவிட்டு வந்தவர் போல. அதற்கு முன்னர் மால்மோவில் உயரமாய் இருந்தது பட்டத்து இளவரசர் என்று பெயர் வைத்த கட்டடம் என்பார். இதைவிட உயரமான தொலைக்காட்சிக் கம்பங்கள் அங்கே இருக்கின்றனவே என்று யாராவது சீண்டினால், ஆள் குடியிராதது கட்டடத்தில் சேர்த்தியோ என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். பேர்ண் பெரிய தேவாலயத்தின் கோபுரத்துக்கும் அவரிடம் இதே நீதிதான்.

சிரித்துவிட்டு எல்லோரும் கோடை விடுமுறைக்குப் பாரிசுக்கும் லண்டனுக்கும் போய்விடுவார்கள். மாமா போக முடியாது. அகதியாக வந்த அவரிடம் இருந்தது சுவிஸ் அரசாங்கம் கொடுத்த எஃப் கார்ட். தற்காலிகமாக இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்ப வரலாம் என்று ஒருவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தற்காலிகம் என்ற அந்தச் சொல்லுக்குள் அவருடைய தலைமயிர் நரைத்தது. எல்லையோரத்தில் இருக்கும் பாசலுக்கு ஒருமுறை அவரோடு போனபோது, அந்தத் தெருவின் முடிவில் ஜெர்மனி என்று நான் காட்டினேன். மாமா நின்று பார்த்துவிட்டு, அங்கேயும் இதே மாதிரி மரம்தான் நிற்கிறது என்றார். பிறகு திரும்பி நடந்தார்.

பெரியம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் வந்து தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் பெண்ணுக்குத் தண்ணீர் வார்ப்பது. சொந்தத் தாய்மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் யாராவது செய்யலாம். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. பெரியம்மா மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டு தம்பிமார். ஒருவரை ஊரில் நடந்த சண்டை கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர் உயிரோடு இருக்கும்போது இன்னொருவரின் கையால் தன் பிள்ளைக்குத் தேங்காய் உடைபட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் முதல் தண்ணீரைத் தானே வார்த்து, சடங்கைத் தள்ளிப் போட்டார். அப்படியென்றால் பேர்ணுக்கு வந்து செய்யலாமே என்று அம்மா கேட்டார். அதற்கும் வழி இல்லை. பெரியப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவரை விட்டு நகர முடியாமல் பெரியம்மா அங்கே கட்டுண்டு கிடந்தார், கார்ட்டை விட்டு நகர முடியாமல் மாமா இங்கே கிடந்தார்.

மாமா குடிவரவு அலுவலகத்தில் பயண அனுமதி கேட்கப் போனபோது மொழிபெயர்க்க நானும் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் நல்ல மனுஷி, பொறுமையாகத்தான் கேட்டார். என்ன விசேஷம்? ஒரு பெண்பிள்ளைக்கான விழா என்றேன். பிறந்தநாளா? இல்லை. திருமணமா? அதுவும் இல்லை. பிறகு எதற்காக? அந்த வரிசையில், எனக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்க, மாதவிடாய் என்ற சொல்லை ஜெர்மன் மொழியில் நான் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். அது வந்தால் மாமன்மார் வர வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. மாமாவோ, 'சொல்லு பிள்ளை, நான் போகாட்டி அக்கா தண்ணி வாக்க மாட்டா எண்டு சொல்லு' என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். சொன்னேன். நெருங்கிய உறவினருக்கு மரணம், கடும் நோய் என்றால் யோசிக்கலாம், இது அந்த வகைக்குள் வராது என்றார். திரும்பி வரும்போது ட்ராமில் மாமா அந்தத் திறப்புக்கோர்வையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். செத்தால் விடுவார்களாம், சடங்குக்கு விடமாட்டார்களாம் என்று ஒருதரம் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு கோடை போய் இன்னொரு கோடை வந்தது. பெரியம்மா மண்டபம் பார்ப்பதும் பிறகு கைவிடுவதுமாக இருந்தார். மாமாவின் கார்ட்டை மாற்றக் கொடுத்த விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. தங்கச்சி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். ஒருநாள் தானே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். சுவீடிஷ் கலந்த தமிழில் முதலில் கோபமாகத்தான் தொடங்கினாளாம்: பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற தன்னை இனி மணவறையில் இருத்தி ஆராத்தி எடுத்தால் கூட்டாளிகள் என்ன சொல்வார்கள் என்று. பிறகு குரல் உடைந்து, அப்பா இப்போது கதிரையை விட்டு எழும்புவதில்லை, தன்னைச் சீலையில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அம்மாவோ மாமா வரட்டும் என்கிறா என்று சொல்லியிருக்கிறாள். மாமா அன்றைக்குத் தேநீர் குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் அழைப்பு வந்தபோது, நானும் அம்மாவும் சமையலறையில் இருந்தோம். எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்திருந்தார்கள். பெரியம்மா வழக்கம்போல கார்ட் என்னவாயிற்று என்று கேட்டார். மாமா மேசையில் இருந்த உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

'அக்கா, கார்ட் இல்லை பிரச்சினை. எனக்குப் பயம். பிளேன் ஏற ஏலாது.'

ரயிலில் வரலாமே என்று பெரியம்மா உடனே கேட்டார். 'வந்து? நீங்கள் இருக்கிறது பத்தாம் மாடி. உயரம் எண்டால் எனக்குக் கால் கூசும், தலை சுத்தும். நான் வரமாட்டன். அவையள் கார்ட் தந்தாலும் வரமாட்டன். நீங்கள் ஆரையும் வச்சுச் செய்யுங்கோ.'

அம்மா வாயைத் திறந்தார். மாமா கையை நீட்டித் தடுத்தார். பிறகு பெரியம்மா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. 'உனக்காக என்ர பிள்ளையை இத்தினை வருஷம் இருத்தி வச்சன். கட்டடம் கட்டடம் எண்டு கதைச்சவனுக்குப் பயமோ? உனக்கு அக்கா இல்லை எண்டு நினைச்சுக்கொள்.' தொலைபேசி அறுந்தது. மாமா எழுந்து பல்கனிக்குப் போனார். அங்கே காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில், கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, பாதி உடம்பு வெளியே தெரிய, நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழுதார். தனக்குப் பயம் இல்லை என்பதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று மாமா எங்கள் இருவரிடமும் பிறகு சத்தியம் வாங்கினார்.

அந்தக் கோடையிலேயே சடங்கு நடந்தது. நானும் அம்மாவும் போனோம். டென்மார்க்கில் இருந்த பெரியம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வந்து தேங்காய் உடைத்தார். பெரியப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்தார்கள். மகளைப் பார்த்து ஒரு பக்கத்து வாயால் சிரித்துக்கொண்டே இருந்தார். பெரியம்மாவின் குசினி யன்னலால் நானும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். வெள்ளையாய், கூரைகளுக்கு அப்பால், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றது. வீடு வந்ததும் மாமா அதைப் பற்றி ஆயிரம் கேட்பார் என்று விவரமெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'தேங்காய் சரிபாதியாய் உடைஞ்சதோ, பிள்ளை?' ஓம் என்றேன்.

பெரியப்பா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. செத்த வீட்டுக்குப் போக மாமாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அக்காவின் கணவர் நெருங்கிய உறவுக்குள் அடங்குவாரா என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் எரித்தும் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மாமா எடுத்த அழைப்பைப் பெரியம்மா எடுத்தார். இருவரும் அழுதார்கள், பேச்சு மறுபடி தொடங்கியது. அடுத்த கோடையில், எல்லை தாண்டிப் போய்வர விடும் பி கார்ட் வந்தது. கடித உறையைக் கிழித்தபோது மாமா சிரிக்கவும் இல்லை. தபாற்பெட்டிக்குள் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்பதுபோல உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தார்.

இரண்டு மணித்தியாலம் பறந்தால் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு நானும் மாமாவும் ரயிலில் போனோம். பாசலைத் தாண்டி, ஹம்பேர்க்கில் மாறி, கொப்பன்ஹேகனில் மாறி, முதுகு முறிய ஒரு பயணம். பிளேனுக்குப் பயந்த மனிதர் பிளேனில் போய் இறங்க முடியாதே. எல்லையைத் தாண்டும்போது மாமா சட்டைப் பையில் இருந்த கார்ட்டைத் தொட்டுப் பார்த்தார். கடலின் மேலே பாலத்தில் ரயில் ஓடியபோது தூரத்தில் அந்தக் கட்டடம் தெரிந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். கோர்வையை எடுத்து யன்னல் கண்ணாடியில் அதற்கு நேரே பிடித்தார். பித்தளையும் வெள்ளையும் ஒரே அளவாக இருந்தன. நாளைக்கு அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றார்.

பெரியம்மா கதவைத் திறந்து தம்பியைக் கட்டிப்பிடித்தார். பயத்தோடு பயமாக எனக்காக வந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மாமாவின் கண்ணைத் தன் கையால் மறைத்தபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வீட்டின் எல்லா யன்னல்களிலும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. குசினி யன்னலில் புதிதாகத் தடித்த சீலை ஒன்று தைத்துப் போட்டு, காற்றில் விலகாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கௌவிவிட்டிருந்தார். 'பயப்பிடாதை தம்பி. வெளியில ஒண்டும் தெரியாது. நிலத்தில இருக்கிற வீடு எண்டு நினைச்சுக்கொள்' என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் மின்விளக்கு வெளிச்சத்தில் இருந்தோம். வெளியே கோடை வெயில். மாமா குசினியில், அந்தச் சீலைக்கு முன்னால் இருந்த கதிரையில், தேநீரோடு இருப்பார். அந்தச் சீலையில் என்ன பூ, எத்தனை இதழ் என்று அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். கட்டடப் பக்கம் போய்வரலாம் என்று நான் பேச்செடுத்தால் பெரியம்மா பதறுவார்; கீழே நின்று பார்த்தாலே இவனுக்குத் தலை சுத்தும், வேண்டாம். கோயிலுக்குப் போனோம், தமிழ்க் கடைக்குப் போனோம், எல்லாம் சுற்றுவழியில். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குசினியில் மாமாவும் நானும் தனியாக இருந்தபோது, சொல்லித் தொலையுங்களேன், இனி என்ன நட்டம் என்று கேட்டேன். 'சொன்னால், அண்டைக்கு என்னை ஏசின ஏச்செல்லாம் திரும்பிப் போய் அவவுக்கே குத்தும். எனக்காண்டி இந்தச் சீலையைத் தைச்சுப் போட்டிருக்கிறா. இருக்கட்டும் பிள்ளை' என்றார். அடைத்து வைப்பது அரசாங்கம் என்றால் மனு எழுதலாம். அக்கா அன்பால் அடைத்து வைத்ததற்கு யாருக்கு எழுதுவது?

அதற்குப் பிறகும் சில தடவைகள் போய்வந்தார். எப்போதும் ரயில்தான், எப்போதும் அந்தச் சீலைதான். தான் பேர்ணுக்கு வருவதாகப் பெரியம்மா சொன்ன போதெல்லாம், 'நீங்கள் அலையாதேங்கோ, நான் வாறன்' என்று மறித்துவிடுவார். முகம் பார்த்துப் பேசும் வசதி தொலைபேசியில் வந்ததும், பல்கனியை விட்டு உள்ளே வந்து, சுவருக்கு முதுகு கொடுத்து இருந்துதான் அக்காவோடு கதைத்தார். கொண்டாட்டங்களில் கட்டடக் கதையும் நின்றுபோயிற்று. கோதன்பர்க்கில் இதையும் மிஞ்சி ஒரு கட்டடம் எழும்பிவிட்டது என்று நான் சொன்னபோது, தன் வீட்டு ஆளைத் தோற்கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார். அக்கா வீட்டு யன்னலால் தெரியாத கட்டடம் எவ்வளவு உயர்ந்தால் தனக்கு என்ன என்றார். கட்டடத்தைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

போன வருடம், வேலையிலிருந்து வந்து தேநீரோடு பல்கனிக் கதிரையில் இருந்தவர், இருந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். கோப்பை உடையவில்லை.

பெரியம்மா தங்கச்சியோடு பிளேனில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் வாசலில் போய்க் கூட்டிவந்தேன். லிஃப்ட் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாடியாக இலக்கம் மாறுவதைப் பெரியம்மா பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி இலக்கத்தில் கதவு திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார்; நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். உள்ளே வந்தவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நேரே பல்கனிக்கு நடந்தார். கம்பியோடு ஒட்டிய கதிரையையும், கால் தூக்கிப் போட்டுப் போட்டு நிறம் போயிருந்த கம்பியையும் தொட்டுப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். அம்மா பின்னால் வந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெரியம்மா அந்தக் கதிரையில் மெல்ல இருந்தார்.

'அப்ப நான் ஏன் அந்தச் சீலையை இழுத்து மூடினனான்?' என்று கேட்டார்.

அன்று மாலைவரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. திறப்புக்கோர்வையை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மாமாவின் திறப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெறும் கட்டடத்தை என் கையில் வைத்தார். 'உன்ர திறப்பைப் போட்டுக் கொண்டு திரி. மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிவிடாதை.'

அதனால்தான் இது என் கைப்பையில் கிடக்கிறது. காலையில் பாடனில் அலுவலகக் கதவைத் திறக்கும்போது நுனி குத்துகிறது. சில நாட்களில் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன். பெரியம்மாவின் குசினி யன்னலில் இப்போது சீலை இல்லை என்று தங்கச்சி சொன்னாள். மால்மோவுக்குத் திரும்பிய அன்றே, காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய், கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்தாராம். காலையில் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றுகிறாராம். ஒன்றை யன்னலுக்கு முன்னால், மாமா இருந்த கதிரைக்கு நேரே வைத்துவிட்டு, ஆறும்வரை பக்கத்தில் இருக்கிறாராம்.